இனாமாக வந்த சிஸ்டமும் கடவுள் சொல்லும்

வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. ஆங்கிலம். சுங்கைப்பட்டாணியில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். என் ஆங்கிலமெல்லாம் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஆங்கிலம்: இந்தப் பக்கம் மேலே, கவனம், கண்ணாடி. அந்த அறிவிப்பில் ‘முடிவு’ என்பதும் ‘ஆபத்து’ என்பதும் எனக்குப் புரிந்தன. அது போதாதா? அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

நான் பயந்த சுபாவம் என்பது எங்கள் தாமான் குடியிருப்புக்கே தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுக் காடியை ஓட்டிக்கொண்டு முச்சந்திவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிறவன். இப்போதெல்லாம் என் மனைவி பூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறாள். நான் வாயைத் திறந்ததும் அதை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

மகள் வேலை முடிந்து வந்து அறிவிப்பைப் படித்தாள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் அவள்.

“இந்த சிஸ்டத்துக்கு இனிமே கம்பெனிக்காரன் சப்போர்ட் கொடுக்க மாட்டானாம்ப்பா. வைரஸ் கிய்ரஸ் வந்தா நம்ம பாடுதான். பழைய கம்ப்யூட்டர் லா, தூக்கிப் போடுங்க.”

தூக்கிப் போட முடியாது. அதில்தான் எங்கள் குடும்பத்துப் படங்கள் இருந்தன. எங்கள் ஊர் செமிலிங்கில் வெள்ளம் ஏறிய வருடம் அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஊறிப்போயின. மனைவி ஒவ்வொரு படமாக உரித்து, மின்விசிறிக்கு முன்னால் கொடி கட்டிக் காய வைத்தாள். பிழைத்ததை நான் கைப்பேசியில் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். காகிதப் படங்கள் பூஞ்சை பிடித்து நாறவே, பிறகு தூக்கிப் போட்டுவிட்டோம். இப்போது மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. வரவேற்பு விருந்தில் மண்டபத்துத் திரையில் பாட்டோடு பழைய படங்கள் ஓட வேண்டும், மோன்டாஜ் என்கிறார்களே, அது. வீடியோக்காரர் படங்களைக் கேட்டிருந்தார். மகளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. எங்கள் கல்யாணப் படத்தில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளத்தில் தப்பித்த கல்யாணப் படம் ஒன்றே ஒன்று.

கடையில் விசாரித்தேன். புது சிஸ்டம் இந்தப் பழைய பெட்டியில் ஏறாது, புதுப் பெட்டிதான் வாங்க வேண்டும் என்றார்கள். கல்யாணச் செலவு நேரத்தில் அது முடிகிற காரியமா? அப்போதுதான் மச்சான் போன் செய்தான். மனைவியின் தம்பி; செர்டாங்கில் ஏர்கோன் ரிப்பேர் செய்கிறான்.

“மாமா, லினக்ஸ்னு ஒன்னு இருக்கு. பழைய கம்ப்யூட்டர்லயும் நல்லா ஓடும். நான் அதைத்தான் வெச்சிருக்கேன். இனாம்.”

இனாம் என்றதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எவன்டா இனாமா கொடுப்பான்? உள்ள என்ன வெச்சிருக்கானோ.”

“உலகம் பூராவும் ஆளுங்க சேந்து செய்றாங்க மாமா. நம்ம கோத்தோங் ரோயோங் மாதிரி.”

கோத்தோங் ரோயோங் எனக்குத் தெரியாதா? தாமானே சேர்ந்து சாக்கடை கழுவும் நாளில் பாதிப் பேர் கோப்பி குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

“அந்தப் பாதிப் பேரு செஞ்ச எடம் ஓட்டையா இருந்தா?”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “கோயில்ல அன்னதானமும் இனாம்தானே? அங்க மட்டும் ஒன்னும் விசாரிக்காம ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிடுறீங்க?”

மச்சான் போனிலேயே சிரித்தான். அதோடு முடிவாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறும் நேரத்துக்கு மச்சான் வந்துவிட்டான். தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே என் படங்களை எல்லாம் தன் டிஸ்க்கில் எடுத்து வைத்தான். பென்டிரைவைச் சொருகினான். திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்து, எந்த மொழி வேண்டும் என்று நீளமாகப் பெயர்கள் வரிசையாய் வந்தன. மலாய், சீனம் எல்லாம் கடந்து போகையில், நம் எழுத்திலேயே ‘தமிழ்’ என்று இருந்தது.

“நிறுத்து, நிறுத்து. அதை அமுக்கு.”

“மாமா, இங்கிலீஷே வைங்க. தமிழ்ல வெச்சா அப்புறம் எனக்கே புரியாது.”

“உனக்குப் புரியாட்டி நான் சொல்லித் தரேன்.”

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை நன்றாகத்தான் படித்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாப் பாடமும் வேறு மொழி. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் தலையாட்டப் பழகினேன். படிவம் இரண்டோடு நின்றுவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னாலும் இத்தனை வருடம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். கேள்வி வந்தால் ‘ஓகே’யை அமுக்குவது, பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொள்வது. இப்போதுதான் முதல்முறையாக, அமுக்குவதற்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படிக்காமல் சரளமாகப் படித்தேன்.

மத்தியானத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, பெட்டி புதுசு மாதிரி ஓடியது. மச்சான் ஒரு தாளில் அச்சடித்த குட்டிக் குட்டித் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களைக் கீபோர்டில் ஒட்டிக் கொடுத்தான். வீட்டுக் கம்ப்யூட்டர்தானே என்று, திறந்ததும் நேராக உள்ளே போகிற மாதிரி வைத்துவிட்டான். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“கோப்பு. வெட்டு. ஒட்டு. மூடு. வெளியேறு.” வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “என்னங்க இது, நம்ம வீட்டுக்குள்ள வந்து நம்மளையே வெளியேறுங்குது?”

“அக்கா, அது மெஷின். அதுக்கு மரியாதை தெரியாது.”

“தமிழ் தெரியுது, மரியாதை தெரியாதா?”

படங்களை மறுபடி கம்ப்யூட்டரில் போட்டான். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் அவன் காடியில் ஏறப் போகும்போது எனக்கு அடுத்த கவலை வந்தது. அவன் டிஸ்க்கில் எங்கள் வீட்டுப் பொம்பளைப் பிள்ளை படமெல்லாம் இருக்கிறதே. அவன் ஊர் ஊராக வேலைக்குப் போகிறவன். எங்கேயாவது தொலைத்துவிட்டால்? நிறுத்தி, காடியின் முன்மூடிமேல் லேப்டாப்பை வைத்து, என் கண்ணெதிரே எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன்.

“குப்பைத் தொட்டியையும் காலி பண்ணு.”

“மாமா, நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும்.” அழித்துவிட்டுப் போனான். என் கைப்பேசியில் இருந்ததை முன்னமே அழித்திருந்தேன். கைப்பேசி திருட்டுப் போகிற சாமான்.

சில நாள் சந்தோஷமாகப் போனது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, பட்டியல்களை எல்லாம் திறந்து படித்துப் பார்ப்பேன். பத்திரிகை படிக்கிற மாதிரி. அப்படிப் படிக்கும்போதுதான் ‘பெட்டகம்’ என்ற ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே வைத்துப் பூட்டினால் வேறு யாரும் திறக்க முடியாது என்று எழுதியிருந்தது. எனக்காகவே யாரோ செய்து வைத்த மாதிரி இருந்தது. படங்கள் மொத்தத்தையும் உள்ளே தள்ளினேன்.

அப்போது அது கேட்டது: கடவுச்சொல்.

நான் அந்த வார்த்தையை அதுவரை பார்த்ததில்லை. கடவுள் சொல் என்றுதான் படித்தேன். ‘ள்’ விட்டுப்போயிருந்தது. இனாமாகச் செய்து கொடுக்கிறவர்கள், ஓர் எழுத்து அப்படி இப்படிப் போகத்தானே செய்யும்? பெட்டகத்துக்குக் காவலாக ஒரு சாமி பெயரைக் கேட்கிறது, நம் ஆட்கள்தான் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று மனசு நெகிழ்ந்துபோய், முருகன் பெயரை அடித்தேன். எழுத்து தெரியவில்லை, கறுப்புப் புள்ளியாக விழுந்தது. அதுவும் மரியாதைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழே இன்னொரு கட்டம். ‘கடவுச்சொல்லை உறுதிசெய்க.’ உறுதிக்கு என்றால் முனீஸ்வரர்தான். எங்கள் தோட்டத்துக் காவல் சாமி. அவர் பெயரை அடித்தேன்.

‘கடவுச்சொற்கள் பொருந்தவில்லை’ என்று சிவப்பில் வந்தது.

அது நியாயம்தானே? ஒருவருக்குப் பால் காவடி, இன்னொருவருக்குச் சுருட்டும் ஆட்டுக்கறியும். ஒரே பெட்டியில் எப்படிப் பொருந்துவார்கள்? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதலிலிருந்து இரண்டு கட்டத்திலும் முருகனையே வைத்தேன். பூட்டிக்கொண்டது. அன்றைக்கு நான் தூங்கிய தூக்கத்தை மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக் காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வீடியோக்காரரிடமிருந்து தகவல் வந்தது. படங்கள் இன்று வேண்டும், இல்லாவிட்டால் மோன்டாஜ் செய்ய நேரம் இருக்காது. பெட்டகத்தைத் திறக்கப் போனேன். ‘முருகா’ அடித்தேன்.

‘கடவுச்சொல் தவறு.’

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடவுள் சொல் தவறு என்று ஒரு மெஷின் சொன்னால் எப்படி இருக்கும்? மறுபடி அடித்தேன். தவறு. முந்தின நாள் கோழிக்கறி சாப்பிட்டது ஞாபகத்துக்கு வந்தது. போய்த் தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து அடித்தேன். தவறு. மச்சானைப் போனில் கூப்பிட்டேன்.

“பதறாதீங்க மாமா. பாஸ்வோர்டு என்ன வெச்சீங்க?”

“பாஸ்வோர்டா? அது கேக்கவே இல்லையே! கடவுள் சொல்லுதான் கேட்டுச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பானர் கீழே விழுந்தது மட்டும் கேட்டது.

“என்ன சொல்லு?”

“கடவுள் சொல்லு. ‘ள்’ விட்டுட்டானுங்க.”

“மாமா...” அவன் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “அது கடவுள் இல்ல மாமா. கடவு. பாஸ்வோர்டுக்குத் தமிழ்ல அதான் பேரு. நான் அப்பவே சொன்னேன், இங்கிலீஷ்ல வைங்கன்னு. சரி, எந்தச் சாமியப் போட்டீங்க?”

“முருகனை.”

இதற்குள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி பூரிக்கட்டையோடு வந்து நின்றாள். “ஏன், எங்க வீட்டு மாரியம்மா பேரு போட்டா ஆகாதா?”

“அக்கா, நீ சும்மா இரு. மாமா, கீபோர்டு தமிழ்ல இருக்கா, இங்கிலீஷ்ல இருக்கா?”

இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். முருகா, முருகன், வேல்முருகா. அந்தப் பதற்றத்தில் முனீஸ்வரரையும் கூப்பிட்டேன். எல்லாம் தவறு.

“நீ வந்து ஒடைச்சு எடுத்துக் கொடுடா.”

“அதை யாராலயும் ஒடைக்க முடியாது மாமா. அதான் அதோட நல்ல குணமே.”

“நல்ல குணமா!”

“என் டிஸ்க்குல வெச்சிருந்தாலாவது...” என்று தொடங்கிவிட்டு, என் நிலைமையை நினைத்து நிறுத்திக்கொண்டான்.

அரை நாள் வேலை முடிந்து மகள் வந்துவிட்டாள். நான் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் முகமே காட்டிக் கொடுத்தது. மனைவி சொல்லிவிட்டாள். மகள் பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மாவோட கல்யாணப் படமும் அதுலதான் இருக்கா?”

“ஆமாம்மா.”

“வேற காப்பி?”

தலையாட்டினேன். பின்வரிசையில் ஆட்டிய அதே ஆட்டல் இல்லை. இது இல்லை என்கிற ஆட்டல்.

“பரவாயில்லப்பா,” என்றாள். கத்தியிருக்கலாம். பரவாயில்லை என்று அவள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றேன்.

மனைவிதான் கூப்பிட்டாள். “ஏங்க, இங்க வாங்க. அன்னிக்கு எப்படி அடிச்சீங்களோ, அப்படியே எழுதிக் காட்டுங்க.”

“எழுதினா என்ன வரப் போவுது?”

“எழுதுங்கன்னா எழுதுங்க.” மேசைமேல் சப்பாத்திக்குத் தூவிய மாவை உள்ளங்கையால் பரப்பிவிட்டாள். “இதுலயே எழுதுங்க.”

விரலால் எழுதினேன். யோசிக்கவில்லை. மாவில் முதலில் ஒரு சுழி விழுந்தது. அதற்குப் பிறகுதான் முருகா வந்தது.

மனைவி அந்தச் சுழிமேல் விரலை வைத்தாள். “இது என்ன?”

பிள்ளையார் சுழி. எதை எழுதினாலும் என் கை முதலில் அதைத்தான் போடும். சாமான் வாங்கப் போகும் துண்டுத் தாளிலும் போடுவேன். கிடங்கில் லீவு பாரத்தில் போட்டதைப் பார்த்து மலாய்க்காரச் சூப்பர்வைசர், இது என்ன, காதா தூண்டில் முள்ளா என்று கேட்டிருக்கிறார். போட்டது எனக்கே தெரியாது. வேர்வை துடைக்கிற மாதிரி, கை தானாகச் செய்துவிடும். கீபோர்டில் ‘உ’ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அன்றைக்கு அதை முதலில் அமுக்கியிருக்கிறேன். புள்ளியாக விழுந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பதற்றத்தில் நேராக முருகனிடமே ஓடியிருக்கிறேன்.

மாவு கையோடு உட்கார்ந்தேன். மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். உ. பிறகு முருகா. அமுக்கினேன்.

திறந்துகொண்டது.

மகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மேசைமேல் கிடந்த போனில் மச்சான் இன்னும் இருந்தான், நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

“என்ன அக்கா, என்ன சத்தம்? முருகன் வந்துட்டாரா?”

“வந்துட்டாருடா! தம்பி தனியா வரல, அண்ணனையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்காரு!”

அடுத்த அரை மணி நேரம் மூன்று பேரும் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். சப்பாத்தி மாவு காய்ந்துபோனது. மகள், சின்னதில் தான் தகரத் தொட்டியில் சட்டையில்லாமல் குளிக்கும் படத்தைக் கண்டதும், “அலாமா! இதை மோன்டாஜ்ல போட்டீங்க, நான் மண்டபத்துக்கே வர மாட்டேன்,” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் அலோர் ஸ்டாரில் கடை வைத்திருக்கிறவர்கள், அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் கவலைதான். ‘நீக்கு’ என்பதன்மேல் மவுஸைக் கொண்டுபோனேன். மகளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மோன்டாஜ்ல வேணாம்னுதான் சொன்னேன். அழிக்கச் சொல்லல.”

வீடியோக்காரருக்கு அனுப்பி முடித்ததும் மனைவி அடுத்த உத்தரவு போட்டாள்.

“இப்ப எல்லாத்தையும் நம்ம குடும்ப குரூப்ல போடுங்க.”

“எல்லாரும் பாப்பாங்களே.”

“பாக்கட்டும். பாத்தாத்தான் பத்திரம். நீங்க பூட்டுனது போதும்.”

அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சித்தப்பா மகன்கள், மெர்போக்கில் இருக்கும் என் தங்கை, அவள் நாத்தனார், அந்த நாத்தனாரை யார் சேர்த்தார்கள் என்பதே தெரியாது. கை வரவில்லை. மகள் குழுவைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து, மவுஸில் என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். ‘அனுப்பு’ என்று இருந்தது. அமுக்கினோம்.

முதலில் மச்சான்தான் எழுதினான்: மாலையவிட மாமா ஒல்லியா இருக்காரே. பிறகு மெர்போக் தங்கை குரல் பதிவு அனுப்பினாள்.

“அண்ணே! கல்யாணப் படத்துல ஓரமா மூக்கொழுகிக்கிட்டு நிக்கிறது நானா? ஒரு வார்த்தை கேக்காம இப்படியா லா குரூப்ல போடுவீங்க? எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. இருங்க, எங்கிட்டயும் ஒன்னு இருக்கு. நானும் போடுறேன்.”

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. அவள் தன் ஆல்பத்திலிருந்து எடுத்தது. தண்ணீர் படாத படம். அதே எங்கள் கல்யாணம், அதே மண்டபம். நான் தாலி முடிச்சைச் சரியாகப் போட்டேனா என்று கழுத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். இப்படி ஒரு படம் எடுத்தார்கள் என்பதே எங்கள் இருவருக்கும் ஞாபகம் இல்லை. என் தங்கை வீட்டில் அது சும்மா கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தேடி எடுத்துப் போடத் தொடங்கினார்கள். போன் அடங்கவே இல்லை.

மனைவி அந்தப் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “இது நல்லாவே இல்ல. வாய் எப்படித் தெறந்திருக்கு பாருங்க. இதை மட்டும் வீடியோக்காரருக்கு அனுப்பிடாதீங்க.”

நான் மகளைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் மகள், “மொதப் படமே இதான்னு சொல்லி, அனுப்பியாச்சு.”